லாக்ஹார்ட்டில் எந்தக் கடையில் சாப்பிடலாம்? ஸ்மிட்டீஸ், க்ரைட்ஸ், பிளாக்ஸ்: ஓர் ஒப்பீடு

டெக்சஸில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள், ஆஸ்டினுக்கு வேலை மாறி வந்தவர்கள், கல்லூரியில் சேர்ந்த பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோர் என்று பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “லாக்ஹார்ட் போகலாம் என்றிருக்கிறோம். இருப்பது ஒரு மதிய வேளைதான். எந்தக் கடைக்குப் போவது?”

நியாயமான கேள்வி. ஆஸ்டினிலிருந்து தெற்கே சுமார் 30 மைல் தள்ளி இருக்கும் இந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி 14,000 பேருக்குச் சற்று மேல்தான் வசிக்கிறார்கள். கால்டுவெல் கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்றது) தலைநகரம். நடுவில் 1894இல் கட்டி முடித்த நீதிமன்றம், அதைச் சுற்றி நான்கு வீதி, அவ்வளவுதான் ஊர். ஆனால் 1999இல் டெக்சஸ் சட்டமன்றத்தின் கீழவை இந்தச் சின்ன ஊரைத்தான் மாநிலத்தின் பார்பிக்யூ (விறகுப் புகையில் சுட்ட கறி) தலைநகரம் என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. புகழ்பெற்ற மூன்று பழைய கடைகளும் காரில் ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றையொன்று எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. அதனால்தான் எதில் நுழைவது என்று முடிவு செய்வது கடினமாக இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கடையின் கறி சிறந்தது என்று தேடி முடிவெடுக்காதீர்கள். உங்கள் காரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து முடிவெடுங்கள். மூன்றுமே நல்ல கடைகள்தான். ஒருவருக்குச் சொர்க்கமாக இருக்கும் கடையிலிருந்து இன்னொருவர் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்து வர நேரலாம்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

யார் எதைச் சாப்பிடுவார்கள். நம் குடும்பங்களில் இதுதான் முதல் கேள்வி, ஆனால் உணவு வழிகாட்டிகளில் இது இருப்பதில்லை. டெக்சஸ் பார்பிக்யூ என்றால் அடிப்படையில் மாட்டுக்கறி. பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுப் பகுதி. சாசேஜ் என்பது அரைத்த கறியை உறையில் அடைத்தது; அதிலும் பெரும்பங்கு மாட்டுக்கறிதான், அதோடு கொஞ்சம் பன்றிக்கறியும் சேர்ப்பார்கள். மேல் உறையும் பெரும்பாலும் பன்றிக் குடல்தான். அதனால் மாடு சாப்பிடாதவருக்கும் சரி, பன்றி சாப்பிடாதவருக்கும் சரி, சாசேஜ் ஆகாது. ஹலால் பார்க்கிறவர்கள் இந்தக் கடைகளில் எந்தக் கறியையும் நம்பி வாங்க முடியாது. இன்னொன்று: எல்லாக் கறியையும் வெட்டுவது அநேகமாக ஒரே கட்டையில், ஒரே கத்தியால். அதை ஏற்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால், அவர்களுக்குச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டி எடுத்துப் போய் வழியில் சாப்பிட வைப்பதுதான் மரியாதை.

சைவம் சாப்பிடுகிறவர் கூட வருகிறாரா. அமெரிக்கத் தெற்கத்திச் சமையலில் பீன்ஸ் என்றால் அதில் பன்றிக்கறித் துண்டு கிடப்பது வழக்கம். பின்ட்டோ பயறாக இருந்தாலும், பச்சை பீன்ஸாக இருந்தாலும், “இதில் கறி போட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் வாங்க வேண்டும். சைவம் என்று சொன்னால் போதாது; பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி) இருக்கிறதா, கறி வேகவைத்த சாறு இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

உட்காரும் வசதி. கைக்குழந்தை, வயதான பெற்றோர், பத்துப் பேர் கொண்ட கூட்டம் என்றால் புகை, வெக்கை, நிற்கும் நேரம் எல்லாம் கணக்கில் வரும்.

செலவு. கறி எடை போட்டுத்தான் விற்பனை. “கொஞ்சம் அதில், கொஞ்சம் இதில்” என்று கை காட்டினால் கடைசியில் வரும் தொகை திகைக்க வைக்கும். பெரியவர் ஒருவருக்கு எல்லாக் கறியும் சேர்த்து அரை பவுண்டு, அதாவது சுமார் 225 கிராம், தாராளம்.

எதற்காகப் போகிறீர்கள். பழமையைப் பார்க்கவா, வயிறாரச் சாப்பிடவா, இரண்டுக்குமா?

## ஏன் இந்த ஊரில் இப்படி

இந்தக் கதை கொஞ்சம் தெரிந்தால் கடைகளின் போக்கும் புரியும். டெக்சஸின் இந்தப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் குடியேறிகள் கறிக்கடை வைத்தார்கள். குளிர்பதனம் இல்லாத காலம். விற்காமல் மிஞ்சும் கறியைப் புகை போட்டார்கள், சில்லறைத் துண்டுகளை அரைத்து சாசேஜ் ஆக்கினார்கள். பருத்தி எடுக்க வந்த கறுப்பினத் தொழிலாளர்களும் மெக்சிகத் தொழிலாளர்களும் அந்தச் சூடான கறியைக் காகிதத்தில் வாங்கி, மளிகை அலமாரியிலிருந்த பிஸ்கட்டையும் வெங்காயத்தையும் சேர்த்து அங்கேயே நின்று சாப்பிட்டார்கள். கறிக்கடை சாப்பாட்டுக் கடை ஆனது அவர்களால்தான். இன்றும் தட்டுக்குப் பதில் தடித்த பழுப்புக் காகிதம், அதோடு வெள்ளை ரொட்டி அல்லது உப்பு பிஸ்கட், வெங்காயம், ஊறுகாய் போட்ட வெள்ளரி என்று கொடுப்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. மசாலா என்று பார்த்தால் உப்பும் மிளகும்தான் பிரதானம், விறகு போஸ்ட் ஓக் மரம். நம் நாக்குக்கு முதல் வாயில் “இவ்வளவுதானா?” என்று தோன்றலாம். இரண்டாவது, மூன்றாவது வாயில் புகையும் கொழுப்பும் பேச ஆரம்பிக்கும்.

## ஸ்மிட்டீஸ் மார்க்கெட்

ஊரில் ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் நான் இங்கேதான் கூட்டிப்போவேன். கட்டடத்துக்காக.

இது முன்பு க்ரைட்ஸ் மார்க்கெட் இருந்த கட்டடம். 1900இல் சார்லஸ் க்ரைட்ஸ் தொடங்கிய கடையை 1948இல் எட்கர் ஷ்மிட் வாங்கினார். ஊரில் அவரை ஸ்மிட்டி என்பார்கள். பிற்காலத்தில் வியாபாரம் மகன் கைக்குப் போனது. தந்தை 1990இல் இறந்தபோது கட்டடம் மகள் பெயருக்கு வந்தது. கடை அண்ணன் தம்பியிடம், சுவர் அக்கா தங்கையிடம் என்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? வாடகை, குத்தகை என்று பேச்சு முற்றியது. 1999இல் மகன் ரிக் ஷ்மிட் க்ரைட்ஸ் என்ற பெயரோடு வெளியேறி அதே ஊரில் புதுக் கட்டடம் கட்டினார். போகும்போது பழைய அடுப்பின் கனலை ஒரு தொட்டியில் அள்ளி, தெரு வழியாக இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பை மூட்டினார்கள். மகள் நைனா செல்ஸ் பழைய கட்டடத்தில் தந்தையின் செல்லப் பெயரில் ஸ்மிட்டீஸ் தொடங்கினார். ஆக, க்ரைட்ஸிடம் பெயரும் கனலும், ஸ்மிட்டீஸிடம் சுவரும் அடுப்பும். எது “அசல்” என்று கேட்பவர்களுக்கு என் பதில், இரண்டும்தான்.

உள்ளே போகும் அனுபவமே தனி. முன்வாசல் வழியாக நுழைந்தால் நீளமான இருண்ட நடை, அதன் முடிவில் செங்கல் அடுப்புகள். நெருப்பு அடுப்புக்குள் மறைந்திருக்காது. வரிசையில் நிற்பவர்களின் காலடிக்கு அருகில், தரை மட்டத்தில், திறந்தபடி எரியும். சுவரும் கூரையும் பல பத்தாண்டுப் புகையில் கறுத்துக் கிடக்கின்றன. கறியை இங்கே எடை போட்டு வாங்கி, கதவுக்கு அப்பால் இருக்கும் கூடத்துக்குப் போய்த்தான் பக்க உணவும் குடிபானமும் வாங்க வேண்டும்.

வாங்க வேண்டியது சாசேஜ். வளையமாகக் கட்டியிருப்பார்கள். கொரகொரப்பாக அரைத்த கறி, கடித்தவுடன் சாறு தெறிக்கும், சட்டையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். இதன் கொழுப்பு எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், அதுவும் மிளகாய் உறைப்போடு உப்பு பிஸ்கட் மேல் வைத்துச் சாப்பிட்டால். பன்றி சாப்ஸும் (எலும்போடு வெட்டிய துண்டு) நன்றாக இருக்கும். பிரிஸ்கெட்டைப் பொறுத்தவரை இங்கே கொஞ்சம் கூடுதல் சூட்டில், குறைந்த நேரத்தில் வேகவைக்கும் பழைய முறை. வெண்ணெய் போலக் கரையும் இன்றைய ஆஸ்டின் பாணியை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றமாகலாம்.

மறைமுகச் செலவு: கோடையில் வெயில் 38 டிகிரி, அதற்கு மேல் அடுப்பு வெக்கை. ஆஸ்துமா உள்ளவரையும் தத்தித் தத்தி நடக்கும் குழந்தையையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டாம். ஒருவர் கறி வாங்கட்டும், மற்றவர்கள் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் இடம் பிடிக்கட்டும். துணியில் ஏறும் புகை வாடை ஒரு துவைப்பில் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அன்று மாலை கோயிலுக்கோ வேறு வீட்டுக்கோ போவதாக இருந்தால் மாற்றுச் சட்டை காரில் இருக்கட்டும்.

யாருக்கு ஏற்றது: இரண்டு மூன்று பேராகப் போகிறவர்கள், எல்லாக் கறியும் சாப்பிடுகிறவர்கள், படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர்கள், பழைய கட்டடம் பிடிக்கும் எவரும்.

## க்ரைட்ஸ் மார்க்கெட்

பலகையில் Kreuz என்றிருப்பதைப் பார்த்தால் வேறு மாதிரி படிக்கத் தோன்றும். ஊரில் க்ரைட்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஊருக்குள் வரும் பெரிய சாலையில், செங்கல்லும் மரமுமாக ஒரு மாபெரும் களஞ்சியம் போல நிற்கும். சில நூறு பேர் ஒரே நேரத்தில் உட்காரலாம். வண்டி நிறுத்தத் தாராளமான இடம்.

நெடுங்காலம் இவர்களின் கொள்கை: சாஸ் கிடையாது, முள்கரண்டி கிடையாது. நல்ல கறிக்கு எதையும் ஊற்றி மறைக்கத் தேவையில்லை என்பது வாதம். பின்னாளில் அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிட்டது, ஆனாலும் முதல் துண்டை எதுவும் தொட்டுக்கொள்ளாமல் சாப்பிட்டுப் பாருங்கள். கையால் சாப்பிடும் ஊரிலிருந்து வந்த நமக்கு முள்கரண்டி இல்லாதது ஒரு குறையே இல்லை.

இங்கே பிரிஸ்கெட்டைவிட ஷோல்டர் கிளாடைச் சிபாரிசு செய்வேன். மாட்டின் தோள்பட்டைக் கறி, கொழுப்பு குறைவு, கறிச்சுவை தூக்கல். மிகுந்த கொழுப்பு ஆகாதவர்களுக்கு இதுதான் சரி. ஹாலப்பீனோ மிளகாயும் சீஸும் கலந்த சாசேஜ் நம் ஆட்களிடம் உடனே எடுபடும். பன்றிக்கறி சாப்பிடுகிறவர்கள் தடித்த சாப்ஸை விடாதீர்கள். மூன்று கடைகளிலும் சேர்த்து எனக்கு மிகவும் பிடித்த ஒற்றைப் பண்டம் அதுதான். பக்க உணவில் சார்க்ராட் (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), ஜெர்மன் முறை உருளைக்கிழங்கு என்று பூர்வீகம் தெரியும்.

மறைமுகச் செலவு: இங்கேயும் கறிக்கு ஒரு வரிசை, பக்க உணவுக்கு இன்னொரு வரிசை. கறி ஆறுவதற்குள் உட்கார வேண்டுமானால் இருவர் பிரிந்து நிற்க வேண்டும். கூடம் பெரியது என்பதால் ஒரு பேருந்துக் கூட்டம் வந்து இறங்கினால் இரைச்சலும் பெரிது. ஸ்மிட்டீஸின் பழமையைத் தேடி இங்கே வந்தால் கிடைக்காது. கட்டடத்துக்கு வயது கால் நூற்றாண்டுதான்.

யாருக்கு ஏற்றது: மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து போகும் கூட்டம், வண்டி நிறுத்த அலையப் பொறுமை இல்லாதவர்கள், தொந்தரவில்லாமல் உட்கார்ந்து பேசிச் சாப்பிட விரும்பும் பெரியவர்கள்.

## பிளாக்ஸ் பார்பிக்யூ

1932 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் கடை. நீதிமன்றச் சதுக்கத்துக்கு வடக்கே சிறிது தூரம். சுவரெல்லாம் மான் கொம்புகள், உள்ளூர்ப் பள்ளிக் கால்பந்து அணிகளின் பழைய படங்கள். வாரம் முழுவதும் திறந்திருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

முறை எளிது. ஒரே வரிசை, முதலில் பக்க உணவுகள், கடைசியில் கறி வெட்டும் இடம், அங்கேயே பணம். மக்ரோனி சீஸ், சோளம், உருளைக்கிழங்கு சாலட், பீச் காப்ளர் (பீச் பழ இனிப்பு) என்று வகை அதிகம். வான்கோழி நெஞ்சுக்கறி கிடைக்கும். ஆக, மாடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம், ஆனால் அசைவம் உண்டு என்கிற நம் வீடுகளுக்கு மூன்றில் இதுவே வசதியான இடம். சைவர் ஒருவர் மட்டும் கூட வந்தாலும் விசாரித்துவிட்டு நாலு கிண்ணம் நிரப்பிக்கொள்ளலாம்.

பிரிஸ்கெட் இங்கே மென்மையாக, மேலே கறுத்த மிளகுப் பொருக்கோடு வரும். “மாய்ஸ்ட்” என்று கேட்டால் கொழுப்போடு, “லீன்” என்று கேட்டால் கொழுப்பில்லாமல் வெட்டுவார்கள். பிரிஸ்கெட்டை முதன்முதலாகச் சாப்பிடுகிறவருக்கு இந்தக் கடையின் கொழுப்புள்ள துண்டைத்தான் கொடுக்க வேண்டும்.

மறைமுகச் செலவு: அந்தப் பெரிய மாட்டு விலா எலும்பு. பார்த்தவுடன் கேட்டுவிடத் தோன்றும். ஒற்றை எலும்பே ஒரு பவுண்டைத் தாண்டும், எலும்புக்கும் சேர்த்துத்தான் எடை. வெட்டும் முன் எடை போட்டு விலை சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, வரிசையின் தொடக்கத்திலேயே பக்க உணவு இருப்பதால் பசியில் எல்லாவற்றையும் தட்டில் அள்ளிவிட்டு, கறி வரும் இடத்தில் வயிற்றில் இடமும் பையில் பணமும் இல்லாமல் போகும். மூன்றாவது, இவர்களுக்கு ஆஸ்டினிலும் கிளை இருக்கிறது. பிளாக்ஸ் சாப்பாடு மட்டும்தான் குறிக்கோள் என்றால் இவ்வளவு தூரம் வர அவசியமே இல்லை. டெர்ரி பிளாக்ஸ் என்பது அதே குடும்பத்தில் பிரிந்த இன்னொரு கிளையின் தனிக் கடை. அதுவும் ஆஸ்டினில் புகழ்பெற்றது, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

யாருக்கு ஏற்றது: கலவையான குடும்பம், முதல்முறை சாப்பிடுகிறவர், குழந்தைகள், காரமும் சாஸும் வேண்டும் என்பவர்.

## ஒரு பார்வையில்

| | ஸ்மிட்டீஸ் | க்ரைட்ஸ் | பிளாக்ஸ் |
|---|---|---|---|
| தொடக்கம் | 1999, பழைய க்ரைட்ஸ் கட்டடத்தில் | 1900, இப்போதைய கட்டடம் 1999 | 1932 |
| வாங்க வேண்டியது | சாசேஜ் வளையம் | பன்றி சாப்ஸ், ஷோல்டர் கிளாட் | பிரிஸ்கெட், வான்கோழி |
| மாடு, பன்றி இரண்டும் வேண்டாதவருக்கு | கடினம் | கடினம் | பரவாயில்லை |
| சைவருக்கு | கடினம் | ஓரளவு | விசாரித்தால் சமாளிக்கலாம் |
| பெரிய கூட்டம் | நெருக்கடி | மிக வசதி | நடுத்தரம் |
| புகை, வெக்கை | மிக அதிகம் | அடுப்பருகில் மட்டும் | குறைவு |

## நான்காவதாக ஒன்று

2023இல் சதுக்கத்தின் அருகே பார்ப்ஸ் பி க்யூ வந்தது. மூன்று இளம் பெண்கள் தொடங்கிய கடை. நூறாண்டு ஆண்கள் ராஜ்யமாக இருந்த தொழிலில் இது சின்ன விஷயமல்ல. மெக்சிக எல்லைப் பகுதியின் ருசி கறியில் இறங்கியிருக்கும்: எலுமிச்சைப் புளிப்போடு பன்றி விலா, பொப்ளானோ மிளகாயில் செய்த பச்சை ஸ்பகெட்டி. உப்பும் மிளகும் மட்டும் போதாது என்று நினைக்கும் தமிழ் நாக்குக்கு நான்கில் மிக நெருக்கமானது இதுதான். ஆனால் வாரக் கடைசி நாட்களில்தான் திறப்பார்கள், கறி தீர்ந்தால் கடை மூடும். சனி, ஞாயிறு காலையிலேயே போய் நிற்க முடிந்தால் மட்டும் திட்டத்தில் சேருங்கள்.

## ஒரே பயணத்தில் இரண்டு கடை

முடியும், நானும் அதைத்தான் சொல்வேன், நாலு பேருக்கு மேல் போனால். காலை பதினொன்றுக்கு முன் ஸ்மிட்டீஸ்: ஆளுக்குப் பாதி சாசேஜ், உப்பு பிஸ்கட், வேறொன்றும் வேண்டாம். பக்க உணவு வாங்கினால் அடுத்த கடை பாழ். பிறகு சதுக்கத்தைச் சுற்றி நடங்கள். டாக்டர் யூஜின் கிளார்க் நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது, டெக்சஸில் இடைவிடாமல் இயங்கிவரும் மிகப் பழைய பொது நூலகம் அது. ஒரு மணி நேரம் கழித்து பிளாக்ஸில் பிரிஸ்கெட்டும் வான்கோழியும் பக்க உணவும். கூட வருகிறவர்களில் மாடு சாப்பிடாதவர்கள் அதிகம் என்றால் ஸ்மிட்டீஸில் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு நேராக பிளாக்ஸ் போங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் இரண்டு கடை யோசனையையே விட்டுவிட்டு க்ரைட்ஸில் உட்காருங்கள்.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழிகாட்டிச் செயலி உங்களை 130 என்ற சுங்கச் சாலைக்குத் திருப்பப் பார்க்கும். அதன் தெற்குப் பகுதியில் வேக வரம்பு மணிக்கு 85 மைல், அமெரிக்காவிலேயே மிக அதிகம். வாடகைக் கார் என்றால் சுங்கத்தோடு வாடகை நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் சேர்ந்து பில் வரலாம். 183 நெடுஞ்சாலை வழியாகப் போனால் சுங்கம் இல்லாமலே போய்ச் சேரலாம், செயலியில் சுங்கச் சாலையைத் தவிர்க்கும்படி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்வதும் நல்லது.

மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு வரத் தயங்க வேண்டாம், காகிதமும் பையும் கேட்டால் கொடுப்பார்கள். பிரிஸ்கெட்டை வெட்டாமல் ஒரே துண்டாக வாங்கினால் மறுநாள் காய்ந்துபோகாது. பொடியாக நறுக்கி, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு கொத்துப் பரோட்டாவில் போட்டால் காலைப் பலகாரத்துக்கு ஆகும். உப்பு மட்டும் கடைசியில், ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள்.